ரப்பர் ஓரம் ரம்பப் பல் மாதிரி வந்துவிட்டது: கத்தியா, கத்தரிக்கோலா?

#1 புதுமட்டை

வணக்கம். இத்தனை நாள் ரப்பர் ஒட்டியே வரும் மட்டையில்தான் டேபிள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தேன். இப்போதுதான் கட்டை (மட்டையின் மரப் பகுதி) தனியாக, ரப்பர் தனியாக வாங்கி முதல் முறை நானே ஒட்டினேன். ஒட்டும் வரை ஒரு சிக்கலும் இல்லை. கட்டையைத் தாண்டி நிற்கும் ரப்பரை வெட்டும்போதுதான் வந்தது வினை. கைக்குக் கிடைத்த சின்னக் கத்தரிக்கோலை எடுத்து வளைவைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிக்கொண்டே போனேன். முடித்துவிட்டுப் பார்த்தால் ஓரம் முழுக்க ரம்பப் பல். எண்ணியும் பார்த்தேன், 31 பல்.

சிவப்புப் பக்கத்துக்குத்தான் இந்தக் கதி. கறுப்பு ரப்பரை இன்னும் உறையிலிருந்தே எடுக்கவில்லை, பயமாக இருக்கிறது. அதையாவது ஒழுங்காக வெட்ட வேண்டும். கத்தி நல்லதா, பெரிய கத்தரிக்கோல் நல்லதா?

இன்னொன்றும் புரியவில்லை. வெட்டி முடித்த அன்று ரப்பர் கட்டையின் விளிம்போடு சரியாக இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் உச்சியில் ஒன்றரை மில்லிமீட்டர் மரம் தெரிகிறது. அவ்வளவு உள்ளே நான் வெட்டவே இல்லை, சத்தியமாக.

#2 சுழல்பந்து

கத்தி. புது முனை. கத்தரிக்கோலைத் துணி வெட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

#3 பழையமட்டை

சுழல்பந்து எப்போதும் இப்படித்தான், ஒரே வரியில் தீர்ப்பு.

தம்பி, பல் விழுந்ததற்குக் கத்தரிக்கோல் மேல் பழி போட வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதை நுனி வரை மூடியிருக்கிறீர்கள். நுனி எங்கே மூடுகிறதோ அங்கே ஒரு பல். 31 பல் என்றால் 31 முறை மூடினீர்கள் என்று அர்த்தம்.

நான் பல வருடமாகக் கத்தரிக்கோலில்தான் வெட்டுகிறேன். தையல்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி நீளமான வாய் உள்ளது வேண்டும். முதலில் நான்கு மூலைகளையும் கட்டையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தாராளமாக வெட்டி எறிந்துவிடுவேன். மூலைகள் தொங்கிக்கொண்டிருந்தால் அந்தக் கனமே ரப்பரைக் கீழே இழுத்து வெட்டைக் கோணலாக்கும். அப்புறம் மரம் என்னைப் பார்க்க, ரப்பர் கீழே இருக்க, கழுத்திலிருந்து தொடங்குவேன். வெட்டு எப்போதும் கத்தரிக்கோலின் அடிவாயில், திருகாணிக்குப் பக்கத்திலேயே விழ வேண்டும். முக்கால்வாசி மூடியதும் நிறுத்தி, வாயைத் திறந்து முன்னே தள்ளி, அதே கோட்டில் தொடர வேண்டும்.

இதில் சூட்சுமம் ஒன்றுதான். கத்தரி பிடித்த கை ஒரே இடத்தில் நிற்கட்டும். மட்டை பிடித்த கைதான் சுற்ற வேண்டும். வளைவைத் தேடிக் கத்தரிக்கோல் போகக் கூடாது, வளைவு கத்தரிக்கோலைத் தேடி வர வேண்டும்.

ஒரு குறை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ரப்பரின் அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டு வாய்க்கும் நடுவில் அது நசுங்கும், விட்டதும் விரியும். அதனால் ஓரம் நேர்க்குத்தாக வராமல் லேசாகச் சரிந்து வரும். ஆட்டத்தில் அது தெரியாது.

#4 சுழல்பந்து

> ஆட்டத்தில் அது தெரியாது.

கண்ணுக்குத் தெரியுமே ஐயா. சரி, ஒரு வரித் தீர்ப்பு என்று சொல்லிவிட்டீர்கள், விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஆட்டத்தில் மரத்துக்கும் பிளேடு என்று பெயர், வெட்டும் தகட்டுக்கும் பிளேடு என்று பெயர். "பிளேடை பிளேடோடு ஒட்டி வைத்து வெட்டு" என்று ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது நான் விழித்த விழி எனக்குத்தான் தெரியும். ஆகவே நான் கட்டை என்றால் மரம், கத்தி என்றால் கத்தி.

முனையை உடைத்து உடைத்துப் பயன்படுத்தும் கட்டர் கத்தி வேண்டும், அகலமான வகை. ஒல்லியான கத்தி வளைவில் நெளியும். வெட்டத் தொடங்கும் முன் ஒரு துண்டை உடைத்துப் புது முனையை வெளியே எடுங்கள். நேற்று அட்டைப்பெட்டி பிரித்த முனை இன்று ரப்பருக்கு ஆகாது. மழுங்கிய முனை ஸ்பாஞ்சை வெட்டாது, பிய்க்கும். ஓரத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தால் முனை போய்விட்டது என்று பொருள்.

கீழே வெட்டுப் பலகையோ தடித்த அட்டையோ போடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், கத்தி அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ரப்பர் கீழே, கட்டை மேலே. இடது உள்ளங்கையால் கட்டையின் நடுவில் நன்றாக அழுத்திக்கொள்ளுங்கள், விரல்கள் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கத்தியை மரத்தின் பக்கவாட்டோடு ஒட்டிவைத்து, நேர்க்குத்தாக நிறுத்தி, உங்களை நோக்கி இழுங்கள். முதல் சுற்றில் ஸ்பாஞ்ச் மட்டும் வெட்டுப்பட்டால் போதும். இரண்டாவது சுற்றில் அதே பள்ளத்தில் கத்தியை விட்டு, கீழே இருக்கும் மேல்தோலை (பந்து படும் ரப்பர் படலத்தை) அறுங்கள். முரட்டுத்தனமாக ஒரே மூச்சில் இரண்டையும் அறுக்கப் போனால் கை கட்டுப்பாட்டை இழக்கும்.

பல்லே விழாது. ஏனென்றால் நீங்கள் எங்கேயும் மூடவே இல்லை.

#5 மேசைமுனை

மரம் ஒரு பிளேடு, கத்தி ஒரு பிளேடு, சுழல்பந்து போடுவது மூன்றாவது பிளேடு. 😄

சிரிப்புக்குச் சொன்னேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நான் கத்தியில்தான் வெட்டினேன், அவர் சொன்ன அதே முறையில். கத்தி நேராக நிற்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி வளைவில் மணிக்கட்டு திரும்பியபோது கத்தியும் உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. என்னுடையது ஹினோக்கி மரம், மிகவும் மென்மையானது. விளிம்பிலிருந்து நகம் அளவுக்கு ஒரு சீவல் அப்படியே சுருண்டு வந்தது. அந்த ஒரு நொடியில் நெஞ்சு என்ன ஆயிருக்கும் என்று கேட்காதீர்கள்.

வெளிப்பக்கம் சாய்ந்தால் ரப்பர் அரை மில்லி கூடுதலாக நிற்கும், பிறகு சீவிக்கொள்ளலாம். உள்பக்கம் சாய்ந்தால் மரம் போய்விடும், அதைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் சந்தேகம் வந்தால் வெளிப்பக்கம் சாயுங்கள்.

#6 நடுவர்நாற்காலி

போட்டிகளில் மட்டை பார்க்கும் வேலை சில காலம் செய்திருக்கிறேன். விதி என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு வெட்டுவது நல்லது.

சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனத்தின் (ஐடிடிஎஃப்) விதிப்படி, ரப்பர் கட்டையின் எல்லை வரை வர வேண்டும், எல்லையைத் தாண்டக் கூடாது. கைப்பிடிக்கு அருகில் விரல்கள் பிடிக்கும் பகுதிக்கு மட்டும் விலக்கு, அங்கே ரப்பர் இல்லாமல் விடலாம். நடைமுறையில் கூடவோ குறையவோ 2 மி.மீ. வரை பெரும்பாலான தலைமை நடுவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அது அவரவர் முடிவு, உரிமை என்று வாதாட முடியாது. புதுமட்டையின் ஒன்றரை மில்லி இதற்குள் அடங்கிவிடும். 31 பல்லுக்கு விதியில் தடை ஏதும் இல்லை, பார்ப்பவர்கள்தான் சிரிப்பார்கள்.

தடிமனையும் மறக்கக் கூடாது. ஸ்பாஞ்ச் உள்ள ரப்பர் என்றால் பசையையும் சேர்த்து 4.0 மி.மீ.தான் உச்சம். ஸ்பாஞ்ச் இல்லாத பிம்பிள் ரப்பர் (முகத்தில் சிறு முளைகள் உள்ளது) என்றால் 2.0. பழைய ரப்பரை உரித்து, பழைய பசையை எடுக்காமல் அதன் மேலேயே மறுபடி பூசி ஒட்டுபவர்கள் அளவுகருவியில் மாட்டுவது இப்படித்தான். இந்தத் தடிமன் வரம்புக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1952-இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்ச் மட்டையோடு வந்து ஒற்றையர் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். பந்து படும் சத்தமே கேட்காமல் எதிராளிகள் திணறினார்கள். அதன்பின் எழுந்த சர்ச்சையில்தான் 1959-இல் மட்டைக்கு அளவு வகுத்தார்கள்.

நான் அதிகமாகப் பார்த்த தவறு வேறு. ரப்பரின் ஒரு பக்க ஓரத்தில் நிறுவனப் பெயர், ஐடிடிஎஃப் முத்திரை, பதிவு எண் எல்லாம் புடைப்பாக இருக்கும் அல்லவா? அது கைப்பிடிக்கு அருகில் தெளிவாகத் தெரிய வேண்டும். அதைத் தலைகீழாக ஒட்டி, முத்திரை உச்சிக்குப் போய், வளைவில் பாதி வெட்டுப்பட்டு வந்த மட்டையைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் வெட்டு மிகச் சுத்தமாக இருக்கிறதே என்று பெருமையாக நீட்டினான். வெட்டில் ஒரு குறையும் இல்லைதான், என்ன செய்வது.

#7 புதுமட்டை

எல்லோருக்கும் நன்றி. முத்திரை விஷயம் தப்பித்தேன், சரியான பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆனால் அந்த இடைவெளி ஏன் வந்தது என்று யாரும் சொல்லவில்லையே? வெட்டிய அன்று இல்லாத இடைவெளி இரண்டு நாளில் எப்படி வரும்?

#8 இடக்கை

கத்தியா கத்தரியா என்று எல்லோரும் அடித்துக்கொள்கிறீர்கள், தம்பி கேட்ட இரண்டாவது கேள்விதான் இதில் முக்கியமான கேள்வி. அவர் வெட்டியதில் தவறு பாதிதான். மீதிப் பாதி ஒட்டும்போதே நடந்துவிட்டது.

புதுமட்டை, ஒரு சோதனை செய்யுங்கள். வெட்டி மிஞ்சிய மூலைத் துண்டு குப்பையில் கிடக்கும், அதை எடுங்கள். இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுங்கள். எவ்வளவு சுலபமாக நீள்கிறது பார்த்தீர்களா? விட்டால் பழையபடி சுருங்கும். முழு ரப்பரும் அப்படித்தான். ஒட்டும்போது சுருக்கம் விழக்கூடாதென்று உச்சிப் பக்கத்தைக் கையால் பிடித்து இழுத்தபடி ஒட்டினீர்களா? அல்லது உருளையாலோ பாட்டிலாலோ பலமாக அழுத்தி உருட்டினீர்களா? இரண்டில் எதைச் செய்திருந்தாலும் ரப்பர் இழுபட்ட நிலையில் கட்டையில் ஒட்டியிருக்கும். இழுபட்ட நிலையிலேயே விளிம்போடு வெட்டினீர்கள், சரியாக இருந்தது. அப்புறம் அது தன் அளவுக்குத் திரும்பப் பார்க்கும். தண்ணீர்ப் பசை காய்ந்த பிறகும் கல் மாதிரி இறுகாது. அதுவும் ரப்பர் பால்தானே, மெல்லிய படலமாக வளைந்து கொடுக்கும். ரப்பர் மெல்ல மெல்ல உள்ளே நகர அது இடம் விடும். ஒரே நாளில் தெரியாது, இரண்டு மூன்று நாளில் மரம் எட்டிப்பார்க்கும். உச்சியில்தான் அதிகம் தெரியும், இழுத்த திசை அதுதானே.

ஒட்டுவது இப்படி இருக்கட்டும். ஸ்பாஞ்சிலும் கட்டையிலும் பசையை மெல்லிசாகத் தடவுங்கள். பால் வெள்ளையாக இருப்பது முழுக்கக் கண்ணாடி மாதிரி தெளியும் வரை காத்திருங்கள். பசையின் ஈரத்தில் ரப்பர் முதலில் சுருண்டுகொள்ளும், பயப்பட வேண்டாம், காய்ந்தால் படிந்துவிடும். பிறகு கைப்பிடிக்கு மேலே ரப்பரின் அடிக்கோட்டை (கீழ் ஓரத்தை) நேராக வைத்து, அங்கிருந்து உச்சியை நோக்கி ரப்பர் தானாக விழுகிற மாதிரி விடுங்கள். நீங்கள் இழுக்கக் கூடாது, அது படுக்க வேண்டும். உருளையைப் போட்டால் அதன் எடை மட்டும் போதும், தள்ள வேண்டாம். கடைசியில் இரண்டு கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு.

வெட்டை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். இழுபட்டிருந்தாலும் அதற்குள் கொஞ்சமாவது அடங்கியிருக்கும்.

#9 புதுமட்டை

இடக்கை அண்ணா, கண்ணால் பார்த்த மாதிரி சொல்லிவிட்டீர்கள். தண்ணீர் பாட்டிலை வைத்துப் பரோட்டா தேய்ப்பதைப் போல் தேய்த்தேன். காற்றுக்குமிழி போகட்டும் என்று நினைத்து. ஒட்டிய பத்தாவது நிமிடமே வெட்டவும் உட்கார்ந்துவிட்டேன்.

#10 பழையமட்டை

இடக்கை சொன்னது அத்தனையும் சரி. இதில் பழைய கதை ஒன்று. ஸ்பீட் க்ளூ காலத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் ரப்பரை உரித்து, பூசி, மறுபடி ஒட்டுவோம். அந்தப் பசையில் ஸ்பாஞ்ச் வீங்கும், ரப்பரே பெரிதாகும். பசையின் வேகம் அடங்கியதும் சுருங்கும். அதனால் முதல் தடவை வெட்டும்போதே ஒரு மில்லி கூட விட்டு வெட்டுவது வழக்கம். ஆவியாகும் கரைப்பான் உள்ள பசைகளுக்கு 2008 செப்டம்பரில் தடை வந்தது. அதோடு அந்த வாசனையும் போயிற்று, ஒரு மில்லிக் கணக்கும் போயிற்று. என் கைக்கு மட்டும் பழக்கம் போகவில்லை, இன்றும் கொஞ்சம் வெளியே விட்டுத்தான் வெட்டுகிறேன்.

#11 வேகப்புயல்

ஸ்பாஞ்சை வீங்க வைக்கும் பூஸ்டர் திரவம் போட்டு ஒட்டினால் இப்போதும் அதே கதைதான். வீங்கியிருக்கும்போது அளவாக வெட்டினேன், ஒரு மாதம் கழித்து உரித்து வேறு கட்டையில் வைத்தால் சுற்றிலும் மரம் தெரிகிறது.

#12 நடுவர்நாற்காலி

ரப்பரை எந்த இரசாயனமும் சேர்க்காமல், வந்தபடியே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. வேகப்புயல் அதைப் பொது இடத்தில் எழுதியதை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

#13 லாங்பிம்பிள்

யாரும் எங்கள் இனத்தைப் பற்றிப் பேசவே மாட்டீர்களா? ஸ்பாஞ்ச் இல்லாத லாங் பிம்பிள்ஸ் ரப்பரை ஒட்டிப் பாருங்கள், உங்கள் தொல்லையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். தாள் மாதிரி தொளதொளவென்று இருக்கும். எந்தப் பக்கம் தொட்டாலும் நீளும். இடக்கை சொன்ன இழுவை இதில் இரண்டு மடங்கு.

கத்தியால் வெட்டுவதாக இருந்தால் கட்டையைக் கவிழ்க்கும்போது ரப்பர் பிம்பிள்களின் தலையில் நிற்கும், தட்டையாகப் படியாது. கத்தி இறங்கும்போது ஓரத்துப் பிம்பிள் சாய்ந்துகொடுத்து நழுவும். எனக்குக் கத்தரிக்கோல்தான் ஒத்துவருகிறது. எதில் வெட்டினாலும் வளைவில் சில பிம்பிள்கள் பாதியாக வெட்டுப்படும், தவிர்க்கவே முடியாது. அந்தப் பாதிப் பிம்பிள்கள் ஆட ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாகத் தொங்கும். நகவெட்டியால் அடியோடு எடுத்துவிடுவேன்.

வரிசையையும் கவனியுங்கள். பிம்பிள்கள் வரிசை வரிசையாகத்தானே இருக்கும்? அடிக்கோட்டைக் கோணலாக வைத்துவிட்டால் மட்டை முழுக்கக் கோடுகள் சாய்ந்து தெரியும். வழுவழு ரப்பர்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை, கொடுத்து வைத்தவர்கள்.

#14 பேனாப்பிடி

பேனா பிடிப்பது போல் மட்டையைப் பிடிக்கும் பென்ஹோல்டுக்கு ஒரு வரி. ரப்பரைக் கைப்பிடியோடு ஒட்டி வைக்காதீர்கள். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் மரத்தின் மேல் உட்காரும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு அதற்கு மேலிருந்து ரப்பரைத் தொடங்குங்கள். விதியில் அந்த இடத்துக்குத்தான் விலக்கு என்று மேலே நடுவரே சொல்லிவிட்டார். ஒட்டிய பிறகு அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுக்க முயன்றால் கத்தி மரத்தில் கோடு போடும். என் மட்டையில் இரண்டு கோடு இருக்கிறது.

#15 கிராம்கணக்கு

எடை பார்க்கும் பைத்தியம் எனக்கு. வெட்டாத ரப்பர் என் தராசில் 68 கிராம், வெட்டிய பின் 45. அதாவது மூன்றில் ஒரு பங்கு குப்பைக்குப் போகிறது. கணக்குப் போட்டாலும் கிட்டத்தட்ட அப்படித்தான் வரும். 17 சென்டிமீட்டர் சதுரம் என்றால் 289 சதுர செ.மீ., 157-க்கு 150 மி.மீ. கட்டையின் முகம் சுமார் 185. தலை பெரிதான கட்டை என்றால் அதே ரப்பர் அங்கே இரண்டு மூன்று கிராம் கூடும். ஆகவே ஒருவர் "இந்த ரப்பர் 45 கிராம்" என்று எழுதினால் எந்தக் கட்டைக்கு வெட்டியது என்று கேளுங்கள்.

இதில் இன்னொரு பாடம்: பெரிய தலைக்கு வெட்டிய ரப்பரைச் சிறிய தலைக்கு மாற்றலாம், திரும்பி வர முடியாது. இரண்டு கட்டை வைத்திருப்பவர்கள் பெரியதில் முதலில் ஒட்டுங்கள்.

#16 மேசைமுனை

ஒட்டுவதற்கு முன்பே ஸ்பாஞ்ச் மேல் கட்டையை வைத்துப் பேனாவால் கோடு போட்டு வெட்டிவிட்டால் என்ன? மரத்துக்கு ஆபத்தே இல்லையே?

#17 இடக்கை

@மேசைமுனை, ஹினோக்கி சீவல் இன்னும் உங்களை விடவில்லை போலிருக்கிறது. செய்யலாம், ஆனால் நான் செய்ய மாட்டேன். பசை பூசிக் காய்ந்த ரப்பர் அதே அளவில் இருக்கும் என்று உறுதி இல்லை. அப்புறம் ஏற்கெனவே வெட்டிய வட்டத்தை இன்னொரு வட்டத்தின் மேல் சுற்றிலும் சரியாக உட்கார வைப்பது வெட்டுவதை விடச் சிரமம். கை ஒரு மில்லி நகர்ந்தால் ஒரு பக்கம் வெளியே நிற்கும், மறுபக்கம் மரம் தெரியும். பெரிதாக ஒட்டிவிட்டு வெட்டினால் அந்தக் கவலை இல்லை, கட்டையே அளவுகோல்.

#18 சுழல்பந்து

புதுமட்டை, சிவப்பை என்ன செய்யப் போகிறீர்கள்? அதற்கு ஒரு வழி இருக்கிறது. உரித்து (கைப்பிடிப் பக்க மூலையிலிருந்து மெதுவாக, மரத்தின் நார் போகிற போக்கில், குறுக்கே இழுத்தால் சிலாம்பு வரும்), பழைய பசையை விரலால் உருட்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள். இந்தத் தடவை அடிக்கோட்டை ஒரு மில்லி மேலே தள்ளி வையுங்கள். உச்சி இடைவெளி பெரும்பாலும் மறையும், கைப்பிடிப் பக்கம்தான் ஒரு மில்லி விடும். அங்கே விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

#19 பழையமட்டை

அல்லது மட்டையின் ஓரத்தைச் சுற்றி எட்ஜ் டேப் என்ற நாடாவை ஒட்டிவிட்டு ஆடப் போகலாம். 10 மி.மீ. நாடா போதும். கட்டை 6 மி.மீ. என்றால் இரு பக்கமும் ஸ்பாஞ்சை 2 மி.மீ. மூடும், மேல்தோல் வரை ஏறாது. 31 பல்லில் ஸ்பாஞ்சில் இருப்பதெல்லாம் உள்ளே போய்விடும். ஆனால் ரப்பர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் நாடா சுருங்கும், முதலில் அதைச் சீவிவிடுங்கள். நாடாவை மாற்றும்போது வேகமாக இழுக்காதீர்கள், ஸ்பாஞ்ச் பொடியும் சேர்ந்து வரும்.

#20 புதுமட்டை

நேற்று இரவு கறுப்பை வெட்டினேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முந்தின நாள் ஒட்டியபோது பாட்டிலைப் பக்கத்திலேயே வைக்கவில்லை. பசை தெளிய இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று, அந்த இருபது நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததுதான் பெரிய வேலை. ரப்பரைக் கைப்பிடியிலிருந்து படுக்கவிட்டேன், இரண்டு தடித்த அகராதிக்கு அடியில் வைத்தேன்.

வெட்ட எடுத்தபோது கத்தியையும் கத்தரியையும் இரண்டையும் வைத்துக்கொண்டேன். நான்கு மூலைகளைப் பழையமட்டை ஐயா முறையில் பெரிய கத்தரிக்கோலால் எடுத்தேன். அப்புறம் கத்தி. புது முனை. முதல் இழுப்பில் ஸ்பாஞ்ச் வெட்டுப்படும்போது மணலைக் கீறுகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம். மேல்தோலை முனை தொட்டதும் அந்தச் சத்தம் நின்று கைக்குக் கனம் தெரிந்தது. அந்த மாற்றத்தை வைத்தே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரிகிறது, பார்க்கவே வேண்டியதில்லை. மணிக்கட்டு திரும்புகிற இடம் வந்ததும் மேசைமுனையின் சீவல் நினைவுக்கு வந்தது. நிறுத்தினேன், மட்டையைச் சுற்றினேன், அதே பள்ளத்தில் முனையை வைத்து மறுபடி இழுத்தேன். மொத்தம் ஏழு முறை நிறுத்தினேன்.

கழுத்துப் பக்கம்தான் சரியாக வரவில்லை. கைப்பிடியும் தலையும் சேருகிற அந்த மூலையில் கத்தியைச் சாய்க்க இடம் போதவில்லை, அரை மில்லி நீட்டிக்கொண்டு நிற்கிறது. மீதி இடமெல்லாம் விரலை ஓட்டினால் மரம் எங்கே முடிகிறது ரப்பர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

#21 சுழல்பந்து

கழுத்தில் மட்டும் கத்தரிக்கோல் நுனியால் ஒரே ஒரு வெட்டு. ஆமாம், நானேதான் சொல்கிறேன். பழையமட்டை ஐயா இதைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

#22 பழையமட்டை

எடுத்தாயிற்று.

#23 லாங்பிம்பிள்

ஏழு முறை நிறுத்தினால் ஏழு இடத்தில் படி விழுந்திருக்க வேண்டுமே?

#24 புதுமட்டை

மூன்று இடத்தில் நகத்தால் தடவினால் தெரிகிறது. 31-க்கு 3 பரவாயில்லை.

#25 புதுமட்டை

நான்கு நாள் ஆயிற்று, தகவலுக்காக எழுதுகிறேன். கறுப்புப் பக்க உச்சியை இன்று காலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மரம் தெரியவில்லை. சிவப்பை உரித்து ஒரு மில்லி மேலே ஏற்றி ஒட்டினேன். சுழல்பந்து சொன்னபடி உச்சி மூடிக்கொண்டது, ஆனால் கீழ் வளைவில் இரு பக்கமும் ஒரு கீற்று மரம் தெரிகிறது, மேல் வளைவில் ரப்பர் மயிரிழை வெளியே நிற்கிறது. அதைச் சீவவில்லை. மறுபடி சீவினால் மறுபடி பல் விழுமோ என்று பயம். நாடா சுற்றிவிட்டேன், இன்று மாலை ஆடப் போகிறேன்.

#26 கிராம்கணக்கு

நாடாவோடு எடை எவ்வளவு?

#27 புதுமட்டை

தராசு இல்லை ஐயா, விட்டுவிடுங்கள்.